பிரீமியம் கிரெடிட் கார்டுகளின் 'கன்சியர்ஜ்' சேவை: கட்டணம் உறுதி, பலன் உறுதியா?

மும்பை: சனிக்கிழமை இரவு எட்டு மணிக்கு மும்பையின் பெயர்பெற்ற உணவகம் ஒன்றில் நான்கு பேருக்கு இடம் தேவைப்படுகிறது. உணவகத்தின் செயலி இடமில்லை என்கிறது; தொலைபேசியில் கேட்டாலும் அதே பதில்தான். இத்தகைய சூழலில் ஆண்டுக்கு ரூ.12,500 கட்டணம் செலுத்தி வைத்திருக்கும் கிரெடிட் கார்டின் சேவை எண்ணை அழைத்தால் இடம் கிடைத்துவிடுமா?

கிடைக்கும் என்ற எண்ணத்தை ஏற்படுத்தும் வகையிலேயே பிரீமியம் அட்டைகளின் விளம்பரங்கள் அமைந்துள்ளன. விமான நிலைய ஓய்வறை, கோல்ஃப், வெகுமதிப் புள்ளிகள் ஆகியவற்றுடன் '24 மணி நேர கன்சியர்ஜ்' என்பதும் ஏறத்தாழ எல்லா உயர்வகை அட்டைகளின் சலுகைப் பட்டியலிலும் இடம்பெறுகிறது. ஆனால், அந்த ஒரே சொல் ஒவ்வோர் அட்டையிலும் வெவ்வேறு ஏற்பாட்டைக் குறிக்கிறது. அழைப்பை எடுப்பவர் யார், அவரால் எதைப் பெற்றுத்தர முடியும், தவறு நேர்ந்தால் யார் பொறுப்பு ஆகிய மூன்று கேள்விகளுக்கும் சலுகைப் பட்டியலில் விடை இருப்பதில்லை.

இந்தியாவில் புழக்கத்தில் உள்ள கிரெடிட் கார்டுகளின் எண்ணிக்கை 10 கோடியைக் கடந்துள்ளது. உயர்வகை அட்டைகளைப் பெறுவோரும் பெருகிவரும் நிலையில், இச்சேவையை எவ்வாறு ஒப்பிட்டு மதிப்பிடுவது என்பதை விளக்குகிறது இந்தக் கட்டுரை.

விடுதி வாயிலிலிருந்து தொலைபேசிக்கு

'கன்சியர்ஜ்' என்பது வாயிற்காப்பாளரைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல். பெரிய விடுதிகளின் வரவேற்புக் கூடத்தில் அமர்ந்து, விருந்தினருக்கு நாடக டிக்கெட், உணவக இடம், வாடகைக் கார் போன்றவற்றை ஏற்பாடு செய்து தருபவருக்கு அப்பெயர் நிலைத்தது. இத்தொழிலில் உள்ளோரின் 'லே கிளெஃப் தோர்' என்ற சங்கம் 1929-ஆம் ஆண்டு பாரிஸில் உருவானது. அதன் உறுப்பினர்கள் மேலங்கியின் காலர் மடிப்பில் அணியும் குறுக்கிட்ட இரு தங்கச் சாவிகளே இன்றும் அத்தொழிலின் அடையாளமாக உள்ளன.

விடுதிக் கன்சியர்ஜின் பலம் அவருடைய உள்ளூர்த் தொடர்புகளில் இருந்தது. ஒரே நகரில் பல ஆண்டுகள் பணியாற்றியவர் என்பதால், எந்த உணவக மேலாளரை அழைத்தால் கடைசி நேரத்தில் ஒரு மேசை கிடைக்கும் என்பது அவருக்குத் தெரிந்திருக்கும். கிரெடிட் கார்டு நிறுவனங்கள் இந்தச் சேவையைத் தொலைபேசிக்கு மாற்றியபோது பெயர் மட்டும் அப்படியே வந்தது. உள்ளூர்த் தொடர்புகளும் உடன் வந்தனவா என்பதே அட்டைக்கு அட்டை மாறுபடுகிறது.

கட்டணம் எவ்வளவு?

எச்டிஎஃப்சி வங்கியின் இன்ஃபினியா அட்டைக்கு ஆண்டுக் கட்டணம் ரூ.12,500. ஆக்சிஸ் வங்கியின் மேக்னஸ் அட்டைக்கும் 2023-ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் அதே கட்டணம். அதற்கு முன்பு ரூ.10,000 ஆக இருந்தது. ஐசிஐசிஐ வங்கியின் எமரால்ட் பிரைவேட் மெட்டல் அட்டைக்கு ரூ.12,499, எஸ்பிஐ ஆரம் அட்டைக்கு ரூ.9,999, ஆக்சிஸ் ரிசர்வ் அட்டைக்கு ரூ.50,000 என்ற அளவில் கட்டணங்கள் உள்ளன. அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் நிறுவனத்தின் பிளாட்டினம் அட்டைக்கு ரூ.60,000-க்கும் மேல் செலுத்த வேண்டும்.

இவற்றுடன் 18 சதவீத ஜிஎஸ்டி-யும் சேரும். அதாவது, ரூ.12,500 கட்டணம் உண்மையில் ரூ.14,750 ஆகும், ரூ.50,000 கட்டணம் ரூ.59,000 ஆகும்.

இத்தொகை முழுவதையும் கன்சியர்ஜ் சேவையின் விலையாகக் கொள்ள முடியாது. ஓய்வறை அனுமதி, காப்பீடு, வெகுமதிப் புள்ளிகள் ஆகியவையும் இதில் அடங்கும். பல அட்டைகளில் கட்டணத்துக்கு ஈடாகப் புள்ளிகள் அளிக்கப்படுகின்றன. குறிப்பிட்ட அளவுக்கு மேல் செலவு செய்தால் கட்டணமே தள்ளுபடி செய்யப்படுவதும் உண்டு. ஆகவே, புள்ளிகளாலும் ஓய்வறையாலும் திரும்பக் கிடைக்கும் தொகையைக் கழித்த பின்னர் எஞ்சுவதே கன்சியர்ஜ் சேவைக்காக வாடிக்கையாளர் செலுத்தும் உண்மையான விலை. அது சிலருக்குச் சுழியமாக இருக்கலாம். அட்டையைக் குறைவாகப் பயன்படுத்துவோருக்கு முழுக் கட்டணமாகவும் இருக்கலாம்.

இதில் கவனிக்க வேண்டிய மற்றொன்று, கன்சியர்ஜ் சேவை 'இலவசம்' என்பதன் பொருள். கோரிக்கையைப் பெற்று ஏற்பாடு செய்யும் உழைப்புக்கு மட்டுமே தனிக் கட்டணம் இல்லை. டிக்கெட், பூங்கொத்து, கார் வாடகை, கூரியர் என அனைத்துக்கும் உரிய தொகை வாடிக்கையாளரின் அட்டையில்தான் பற்று வைக்கப்படும்.

மூன்று வகை ஏற்பாடுகள்

இந்தியாவில் வழங்கப்படும் கன்சியர்ஜ் சேவைகளை அவற்றின் பின்னணியைக் கொண்டு மூன்று வகையாகப் பிரிக்கலாம்.

முதல் வகையில் அட்டையை வழங்கும் நிறுவனமும் பரிவர்த்தனை வலையமைப்பும் ஒன்றே. அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் இதற்கு எடுத்துக்காட்டு. அட்டைதாரர், விடுதி, வணிகர் ஆகியோருடன் அந்நிறுவனத்துக்கு நேரடி உறவு இருப்பதாலும், நெடுங்காலமாகப் பயணத் துறையில் இயங்கி வருவதாலும், கன்சியர்ஜ் ஊழியரால் தன் நிறுவனம் முன்கூட்டியே செய்துகொண்ட ஒப்பந்தங்களைப் பயன்படுத்த முடிகிறது.

இரண்டாவது வகையில் வங்கி தன் உயர்வகை அட்டைதாரர்களுக்கெனத் தனி எண்ணையும் மின்னஞ்சல் முகவரியையும் வழங்குகிறது. வங்கியின் பெயரில் அழைப்பு ஏற்கப்பட்டாலும், பணியைச் செய்வது பெரும்பாலும் ஒப்பந்த அடிப்படையில் இயங்கும் வேறொரு நிறுவனமே. உலக அளவில் இது தனித் தொழிலாகவே வளர்ந்துள்ளது. 1998-ஆம் ஆண்டு லண்டனில் தொடங்கப்பட்ட டென் லைஃப்ஸ்டைல், இன்டர்நேஷனல் எஸ்ஓஎஸ் குழுமத்தைச் சேர்ந்த ஆஸ்பயர் லைஃப்ஸ்டைல்ஸ் போன்றவை வங்கிகளுக்காக இச்சேவையை நடத்தும் நிறுவனங்கள்.

மூன்றாவது வகையில் வீசா, மாஸ்டர்கார்டு, ரூபே போன்ற வலையமைப்புகள் தங்கள் உயர்நிலை அட்டைகளுக்குப் பொதுவாக வழங்கும் சேவை கிடைக்கிறது. இங்கே அழைப்பு வங்கிக்குச் செல்வதில்லை. வலையமைப்பு அமர்த்திய நிறுவனத்துக்குச் செல்கிறது. மிகக் குறைந்த கட்டணமுள்ள ரூபே பிளாட்டினம், செலக்ட் வகை டெபிட் கார்டுகளின் சலுகைப் பட்டியலிலும் கன்சியர்ஜ் என்ற சொல் இடம்பெற்றுள்ளது என்பது குறிப்பிடத்தக்கது. சில நூறு ரூபாய்க் கட்டணமுள்ள அட்டையிலும் அரை லட்சம் ரூபாய்க் கட்டணமுள்ள அட்டையிலும் ஒரே சொல் காணப்படுவதால், சொல்லை மட்டும் வைத்து ஒப்பிடுவது பயனற்றது.

வலையமைப்பைத் தேர்ந்தெடுக்கும் உரிமை இப்போது வாடிக்கையாளருக்கு உண்டு. 2024-ஆம் ஆண்டு மார்ச் 6 அன்று ரிசர்வ் வங்கி வெளியிட்ட அறிவிப்பின்படி, புதிய அட்டை பெறும்போது ஒன்றுக்கு மேற்பட்ட வலையமைப்புகளிலிருந்து தேர்வு செய்யும் வாய்ப்பை வங்கிகள் அளிக்க வேண்டும். ஏற்கெனவே அட்டை வைத்திருப்போர் அதைப் புதுப்பிக்கும்போது அந்த வாய்ப்பைப் பெறலாம். சொந்த வலையமைப்பில் அட்டை வழங்கும் நிறுவனங்களுக்கும், 10 லட்சம் அல்லது அதற்குக் குறைவான அட்டைகளை வழங்கியுள்ள நிறுவனங்களுக்கும் இதிலிருந்து விலக்கு உண்டு. ஒரே வங்கியின் ஒரே அட்டையை வீசாவில் பெறுவதா, மாஸ்டர்கார்டில் பெறுவதா என்று முடிவு செய்யும்போது, வலையமைப்பு தரும் கன்சியர்ஜ் சேவையும் மாறக்கூடும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

உரிமை வேறு, முயற்சி வேறு

பிரீமியம் அட்டையின் சலுகைகளில் இரு தன்மைகள் உள்ளன. சில சலுகைகள் வாடிக்கையாளரின் உரிமை. எடுத்துக்காட்டாக, அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் பிளாட்டினம் அட்டைதாரர் அந்நிறுவனத்தின் 'ஃபைன் ஹோட்டல்ஸ் அண்ட் ரிசார்ட்ஸ்' திட்டத்தின்கீழ் முன்பதிவு செய்தால், இருவருக்குத் தினமும் காலை உணவும், மாலை 4 மணி வரை அறையில் தங்கும் வசதியும் உறுதியாகக் கிடைக்கும். விடுதி மறுத்தால், ஒப்பந்தத்தைச் சுட்டிக்காட்டி வாடிக்கையாளர் வாதாடலாம். அதே திட்டத்தில் உயர்தர அறைக்கு மாற்றித் தருவது மட்டும் 'அறை காலியாக இருந்தால்' என்ற நிபந்தனைக்கு உட்பட்டது.

கன்சியர்ஜ் சேவை ஏறத்தாழ முழுவதுமே இரண்டாவது தன்மையைச் சேர்ந்தது. இயன்றவரை முயற்சி செய்யப்படும் என்பதும், பொருளையோ சேவையையோ வழங்கும் மூன்றாம் தரப்பின் தவறுக்குப் பொறுப்பேற்க இயலாது என்பதும் இத்தகைய சேவைகளின் நிபந்தனைகளில் வழக்கமாக இடம்பெறும் வாசகங்கள். ஆகவே, வாடிக்கையாளர் கட்டணம் செலுத்திப் பெறுவது ஒரு முயற்சியை மட்டுமே. முடிவுக்கு உத்தரவாதம் இல்லை. கன்சியர்ஜ் சேவைகளை ஒப்பிடுவது என்றால், அந்த முயற்சிகளின் தரத்தை ஒப்பிடுவதாகும்.

டிக்கெட் விற்பனை காட்டிய உண்மை

இந்த வேறுபாட்டை 2024-ஆம் ஆண்டின் இரு டிக்கெட் விற்பனைகள் தெளிவாக்கின.

பிரிட்டனின் கோல்ட்பிளே இசைக்குழு 2025 ஜனவரியில் நவி மும்பையில் நடத்திய நிகழ்ச்சிகளுக்கான டிக்கெட் விற்பனை, 2024 செப்டம்பர் 22 அன்று புக்மைஷோ தளத்தில் தொடங்கியது. பல லட்சம் பேர் இணைய வரிசையில் காத்திருக்க, டிக்கெட்டுகள் சிறிது நேரத்திலேயே தீர்ந்துபோயின. பின்னர் அவை பல மடங்கு விலைக்கு மறுவிற்பனைத் தளங்களில் தோன்றியதும், விவகாரம் காவல் துறை வரை சென்றதும் நினைவிருக்கலாம். இத்தகைய விற்பனையில் கன்சியர்ஜ் ஊழியருக்கெனத் தனி வாயில் இல்லை. அமைப்பாளர்களுடன் முன்கூட்டியே ஒதுக்கீடு பெறாத வரை, அவரும் அதே இணைய வரிசையில்தான் நிற்க வேண்டும். மறுவிற்பனைத் தளத்தில் வாங்கித் தருவதாக இருந்தால், அந்தக் கூடுதல் விலையும் போலி டிக்கெட்டின் அபாயமும் வாடிக்கையாளரையே சேரும்.

அதே மாதத்தில் பாடகர் தில்ஜித் தோசாஞ்சின் இந்தியச் சுற்றுப்பயணத்துக்கான டிக்கெட் விற்பனை வேறு விதமாக நடைபெற்றது. பொது விற்பனை செப்டம்பர் 12 அன்று தொடங்க, எச்டிஎஃப்சி வங்கியின் பிக்சல் அட்டை வைத்திருப்போருக்கு இரு நாள்கள் முன்னதாகவே வாய்ப்பு வழங்கப்பட்டது. பிக்சல் என்பது குறைந்த கட்டணத்தில் இளைஞர்களுக்காக அறிமுகப்படுத்தப்பட்ட தொடக்கநிலை அட்டை.

அதாவது, விலை உயர்ந்த அட்டையின் கன்சியர்ஜ் எண்ணை அழைத்தவரைவிட, தொடக்கநிலை அட்டை வைத்திருந்தவருக்கு அன்று கூடுதல் உரிமை இருந்தது. முன்விற்பனை என்பது வங்கியும் அமைப்பாளரும் செய்துகொண்ட ஒப்பந்தம். கன்சியர்ஜ் சேவையின் பின்னால் அத்தகைய ஒப்பந்தம் இருந்தால் மட்டுமே அதற்கு வலு உண்டு.

செயலிகள் எடுத்துக்கொண்ட வேலை

இருபது ஆண்டுகளுக்கு முன்பு வெளியூரில் ஓர் உணவகத்தில் இடம் பிடிப்பதும், மறுநாள் காலை ஒருவருக்குப் பூங்கொத்து அனுப்புவதும் எளிய வேலைகளாக இருக்கவில்லை. இன்று அவற்றைக் கைப்பேசிச் செயலிகள் சில நொடிகளில் செய்துவிடுகின்றன. உணவக முன்பதிவுத் தளமான டைன்அவுட்டை 2022-ஆம் ஆண்டு ஸ்விக்கி வாங்கியது. பேடிஎம் நிறுவனத்தின் திரைப்பட, நிகழ்ச்சி டிக்கெட் பிரிவை 2024-ஆம் ஆண்டு ரூ.2,048 கோடிக்கு சொமேட்டோ வாங்கியது. பெரு நிறுவனங்கள் போட்டியிடும் இத்துறையில், கன்சியர்ஜ் ஊழியர் பல நேரங்களில் வாடிக்கையாளர் தானே பார்க்கக்கூடிய திரையையே பார்த்துப் பதிலளிக்கிறார்.

எனினும், சேவை பயனற்றுப் போய்விடவில்லை. மொழி தெரியாத நாட்டில் நள்ளிரவில் கடவுச்சீட்டு தொலைந்துபோனால், அருகிலுள்ள தூதரகத்தின் விவரத்தையும் மாற்றுத் தங்குமிடத்தையும் ஒருவர் தேடித் தருவது பெரிய உதவி. முதிய பெற்றோர் தனியாகப் பயணம் செய்யும்போது சக்கர நாற்காலி, வரவேற்பு, கார் என மூன்று ஏற்பாடுகளையும் ஒருங்கிணைப்பதும் அத்தகையதே. இணைய முன்பதிவு இல்லாத ஜப்பானிய உணவகத்தை அந்நாட்டு மொழியில் அழைத்துப் பேசுவது மற்றோர் எடுத்துக்காட்டு. ஒரே சொடுக்கில் முடியும் வேலைகளில் கன்சியர்ஜ் சேவைக்கு மதிப்புக் குறைந்துள்ளது. பல படிகளும் பல அழைப்புகளும் தேவைப்படும் வேலைகளில் மதிப்பு நீடிக்கிறது.

ஓய்வறை விவகாரம் தந்த பாடம்

வங்கி அளிக்கும் சலுகை மூன்றாம் தரப்பைச் சார்ந்திருக்கும்போது என்ன நேரும் என்பதற்கு விமான நிலைய ஓய்வறை விவகாரமே சான்று. இந்திய வங்கிகளுக்கும் ஓய்வறை நடத்துவோருக்கும் இடையே முக்கிய இடைத்தரகராக இருந்த ட்ரீம்ஃபோக்ஸ் நிறுவனத்தின் சேவை, 2024 செப்டம்பரில் சில விமான நிலையங்களில் திடீரெனத் தடைபட்டது. செல்லத்தக்க அட்டையுடன் வந்த பயணிகள் வாயிலில் திருப்பி அனுப்பப்பட்டனர். ஓராண்டுக்குப் பின், 2025 செப்டம்பர் 16 அன்று, உள்நாட்டு ஓய்வறைச் சேவையிலிருந்தே அந்நிறுவனம் விலகியது. வங்கிகள் மாற்று ஏற்பாடுகளுக்கு நகர வேண்டியதாயிற்று.

ஓய்வறையில் கதவு திறக்காவிட்டால் உடனே தெரிந்துவிடும். கன்சியர்ஜ் சேவையில் தரம் குறைந்தால் அவ்வாறு தெரியாது. ஒப்பந்த நிறுவனம் மாறினாலும், ஊழியர் எண்ணிக்கை குறைக்கப்பட்டாலும், தொலைபேசி எண் அதேதான். சலுகைப் பட்டியலில் உள்ள வரியும் அதேதான். பதில் வரும் நேரம் மட்டும் நீளும்.

வங்கிகளுக்குச் செலவைக் குறைக்கும் நெருக்கடியும் உள்ளது. கிரெடிட் கார்டு நிலுவைகளுக்கான இடர் மதிப்பளவை 125 சதவீதத்திலிருந்து 150 சதவீதமாக ரிசர்வ் வங்கி 2023 நவம்பரில் உயர்த்தியது. இதனால், அட்டை வணிகத்துக்கு வங்கிகள் கூடுதல் மூலதனத்தை ஒதுக்க வேண்டியுள்ளது. வெகுமதிப் புள்ளிகளும் ஓய்வறை அனுமதியும் அடுத்தடுத்துக் குறைக்கப்பட்டு வரும் சூழலில், எளிதில் கண்ணுக்குத் தெரியாத சேவைகளில் சிக்கனம் காட்டுவது வங்கிகளுக்கு எளிது.

விதிகள் எதைப் பாதுகாக்கின்றன?

கிரெடிட் கார்டு வழங்குதல் குறித்து ரிசர்வ் வங்கி வெளியிட்ட வழிகாட்டுதல்கள், வாடிக்கையாளருக்குப் பல பாதுகாப்புகளை அளிக்கின்றன. கட்டண மாற்றத்தைக் குறைந்தது ஒரு மாதத்துக்கு முன்பே அறிவிக்க வேண்டும். தமக்குப் பாதகமான கட்டண மாற்றத்தால் அட்டையைத் திருப்பித் தர விரும்புவோரிடம் அதற்கெனக் கூடுதல் கட்டணம் வசூலிக்கக் கூடாது. நிலுவை இல்லாத நிலையில் அட்டையை மூடக் கோரினால் ஏழு வேலை நாள்களுக்குள் மூட வேண்டும். தவறினால் நாளொன்றுக்கு ரூ.500 வீதம் வாடிக்கையாளருக்கு வழங்க வேண்டும்.

ஆனால், கன்சியர்ஜ் ஊழியர் எத்தனை நிமிடத்தில் பதிலளிக்க வேண்டும், கோரிக்கை நிறைவேறாவிட்டால் காரணத்தைத் தெரிவிக்க வேண்டுமா என்பன போன்றவற்றுக்கு எந்தத் தரமும் வகுக்கப்படவில்லை. வங்கிகளின் ஒம்பட்ஸ்மன் அமைப்பை அணுகலாம் என்றாலும், முதலில் வங்கியிடம் புகார் அளித்து 30 நாள்கள் காத்திருக்க வேண்டும். அனுமதியின்றித் தொகை பற்று வைக்கப்பட்டிருந்தால் அப்புகார் வலுவானது. மேசை கிடைக்கவில்லை என்ற புகாருக்கு அந்த வலு இருக்காது.

விளம்பரம் தொடர்பான விதிகள் சற்றுக் கூடுதலாக உதவக்கூடும். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூனில் வெளியிட்ட வழிகாட்டுதல்களின்படி, விளம்பரத்தின் முக்கிய வாக்குறுதிக்கு முரணாகப் பொறுப்புத் துறப்பு வாசகம் அமையக் கூடாது. எதையும் ஏற்பாடு செய்து தருவோம் எனப் பெரிய எழுத்தில் கூறிவிட்டு, முயற்சி மட்டுமே எனச் சிறிய எழுத்தில் குறிப்பிடும் எந்த விளம்பரமும் இந்த அளவுகோலால் மதிப்பிடப்பட வேண்டியதே.

தனிநபர் தகவல்கள் எங்கே செல்கின்றன?

பயண ஏற்பாடு கோரும் ஒருவர் கடவுச்சீட்டு விவரம், குடும்பத்தினரின் பெயர், பயணத் தேதி, சில வேளைகளில் உடல்நிலை குறித்த தகவலையும்கூட கன்சியர்ஜ் ஊழியரிடம் தெரிவிக்கிறார். அவை வங்கியைத் தாண்டி ஒப்பந்த நிறுவனம், விடுதி, கார் நிறுவனம் எனப் பல கைகளுக்குச் செல்கின்றன. 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி, தனக்காகத் தகவலைக் கையாள வேறொரு நிறுவனத்தை அமர்த்தினாலும் பொறுப்பு முதன்மை நிறுவனத்தையே சாரும். இதற்கான விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன; பெரும்பாலான கடமைகள் 18 மாதங்களுக்குப் பின்னரே நடைமுறைக்கு வரும்.

மோசடியாளர்களும் இச்சேவைகளின் பெயரைப் பயன்படுத்துகின்றனர். பெங்களூரு விமான நிலையத்தில் ஓய்வறை அனுமதிக்கான செயலி என நம்பிப் போலிச் செயலியைப் பதிவிறக்கியவர்கள் பணத்தை இழந்த சம்பவம் 2024-ஆம் ஆண்டு வெளிச்சத்துக்கு வந்தது. உண்மையான கன்சியர்ஜ் சேவையில் அழைப்பைத் தொடங்குபவர் வாடிக்கையாளரே. தாமாக அழைத்து, அட்டையின் பின்புற இலக்கத்தையோ ஒருமுறைக் கடவுச்சொல்லையோ கேட்பவரிடம் எதையும் தெரிவிக்கக் கூடாது.

எவ்வாறு ஒப்பிடலாம்?

அட்டை பெறுவதற்கு முன்பு வங்கியிடம் நான்கு கேள்விகளை எழுத்து மூலம் கேட்பது பயன் தரும். கன்சியர்ஜ் சேவையை நடத்துவது வங்கியா, வலையமைப்பா, ஒப்பந்த நிறுவனமா? உணவகங்கள், விடுதிகள், நிகழ்ச்சி அமைப்பாளர்கள் ஆகியோருடன் முன் ஒதுக்கீடு உள்ளதா? தொகையைப் பற்று வைப்பதற்கு முன் வாடிக்கையாளரின் ஒப்புதல் எவ்வாறு பெறப்படும்? முன்பதிவு ரத்தானால் பணத்தைத் திரும்பப் பெற்றுத் தருவது யார்?

ஏற்கெனவே அட்டை வைத்திருப்போர், அடுத்த ஆண்டுக் கட்டணம் வருவதற்கு முன்பே சேவையைச் சோதித்துப் பார்க்கலாம். செயலியில் எளிதாகக் கிடைக்கும் ஒன்றைக் கேட்பதில் பயனில்லை. தாமே முயன்று கிடைக்காத ஒன்றைக் கேட்க வேண்டும். கோரிக்கையை மின்னஞ்சலில் அனுப்பினால், பதில் வந்த நேரமும் சொல்லப்பட்ட காரணமும் பதிவாகும். 'இடமில்லை' என்பதோடு பதில் முடிகிறதா, அல்லது மாற்று நாள், மாற்று இடம், காத்திருப்புப் பட்டியல் ஆகியவற்றையும் ஊழியர் முன்வைக்கிறாரா என்பதிலேயே இரு சேவைகளுக்கு இடையிலான வேறுபாடு வெளிப்படும்.

ஆண்டில் ஓரிரு உள்நாட்டுப் பயணங்கள் மட்டுமே மேற்கொள்வோருக்குக் கன்சியர்ஜ் சேவைக்காகவே உயர்வகை அட்டை பெறுவது இலாபகரமானதன்று. அடிக்கடி வெளிநாடு செல்வோருக்கும், நேரமே பெரும் செலவாக உள்ள தொழில்முறையினருக்கும், முதிய பெற்றோரின் பயணங்களைத் தொலைவிலிருந்து ஒருங்கிணைப்போருக்கும் நல்ல கன்சியர்ஜ் சேவை கட்டணத்துக்கு ஈடான பலனைத் தரக்கூடும்.

கட்டணம் ஆண்டுதோறும் குறித்த நாளில் பற்று வைக்கப்படுகிறது. அதற்கு ஈடாக எத்தனை முறை உதவி கோரப்பட்டது, எத்தனை முறை கிடைத்தது என்ற கணக்கை எந்த வங்கியின் மாதாந்திர அறிக்கையும் காட்டுவதில்லை. அந்தக் கணக்கை வாடிக்கையாளரே வைத்துக்கொண்டால், அட்டையைப் புதுப்பிப்பதா, திருப்பித் தருவதா என்ற முடிவை விளம்பரத்தின் துணையின்றி எடுக்கலாம்.